சத்தம் இறங்கிய பிறகு

கற்பிட்டிக் கரையோரத்துக் கண்டக்குழியில் இப்போது கடற்கரைக்குப் போகும் எந்த ஒழுங்கையில் நடந்தாலும் விருந்தினர் அறை வைத்திருக்கும் ஒரு வீட்டைக் காணலாம். காற்றுப் பட்டத்தோடு கடலேரியில் சறுக்க வருகிறவர்கள், டொல்பின் பார்க்க வருகிறவர்கள், சும்மா மீன் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்க வருகிறவர்கள் என்று ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். அந்த அறைகளை நடத்துகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். போன மாதம் அவர்களில் சிலர் ஒன்றுகூடி என்னையும் அழைத்திருந்தார்கள். முழங்கால் விடாமல் வலித்ததால் நான் என் இரண்டு அறைகளையும் மூடிவிட்டேன். ஆனாலும் இந்த ஊரில் முதலில் இணையத்தில் வீட்டைப் போட்டவள் நான் என்ற மரியாதை இன்னும் எனக்கு உண்டு.

அங்கே ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள்: "ராத்தா, கத்திக்கொண்டு வாற ஆக்கள நீங்க எப்பிடிச் சமாளிச்சீங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். ஒவ்வொருத்திக்கும் அப்படி ஓர் ஆள் வந்திருக்கிறான் என்று அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. நானும் சிரித்துக்கொண்டு, "ஒரு கதிரையப் போட்டு உக்கார வைங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வரும் வழியில் அந்தப் பதில் என்னை உறுத்தியது. அது பொய்யில்லை, ஆனால் பாதிதான். என் வீட்டுக்கு வந்தவர்களில் ஆகப் பொல்லாதவர், நான் போட்ட கதிரையில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, "சொரி ஆன்ட்டி" என்று சொன்னவர். மீதிப் பாதியை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன்.

எனக்குத் தொழில் கற்றுத் தந்தவரிலிருந்து தொடங்குகிறேன்.

தொண்ணூறாம் ஆண்டில் முஸ்லிம்கள் எல்லாரும் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டபோது வள்ளத்தில் கற்பிட்டிக் கரையில் இறங்கியவர்களில் நானும் என் கணவர் நிஸாரும் இருந்தோம். புதிதாகக் கல்யாணம் கட்டியிருந்தோம். முகாமில் இருந்தோம், வெங்காயத் தோட்டங்களில் கூலிக்குப் போனோம், கருவாடு காயப்போட்டோம். நிஸார் வள்ளத்து இயந்திரங்களைத் திருத்தப் பழகிக்கொண்டார். போர் முடிந்த பிறகு கண்டக்குழியில் லொட்ஜுகள் எழும்பத் தொடங்கின. அதில் ஒன்றில் எனக்கு அறை துப்புரவு செய்யும் வேலை கிடைத்தது. அப்போது என் பிள்ளைகள் பெரியவர்களாகிவிட்டார்கள்.

அந்த லொட்ஜின் முகாமையாளர் கிளாறா மிஸ். சிலாபத்துக்காரி. தமிழும் சிங்களமும் ஒரே வேகத்தில் பேசுவார். என்னைவிட வயதில் நன்றாக இளையவர். முதல் நாளே, "நான் உங்களை நீங்க எண்டுதான் கூப்பிடுவேன். நீங்க என்னை மிஸ் எண்டு கூப்பிடுங்க. அப்ப ரெண்டு பேருக்கும் சரி" என்றார். கடைசி வரைக்கும் அப்படியே நடந்தது.

அவர் ஒரு விருந்தினரைச் சமாளித்ததை நான் முதன்முதலில் பார்த்தது ஏப்ரல் மாதத்தில். அந்த மாதத்தில் இங்கே காற்று விழுந்துவிடும். ஐரோப்பாவிலிருந்து வந்த ஒருவர், பட்டத்தில் சறுக்குவதற்கென்றே வந்தவர், மூன்றாம் நாளும் காற்று வராததால் வரவேற்பு மேசைக்கு முன்னால் நின்று கத்தினார். காற்று வராததற்கு யாரிடம் கத்துவது? கிளாறா மிஸ்ஸிடம் கத்தினார். நான் படிக்கட்டில் துணிகளோடு நின்றேன், ஓடலாமா நிற்கலாமா என்று தெரியாமல்.

மிஸ் மேசைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். அவருக்கு நேரெதிரே நிற்காமல் பக்கவாட்டில் நின்றார். இரண்டு கதிரைகளை இழுத்துப் போட்டார். முதலில் தான் உட்கார்ந்தார். அந்த மனிதர் நின்றபடி கொஞ்ச நேரம் கத்தினார். உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணை மேலிருந்து பார்த்துக் கத்துவது அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. உட்கார்ந்தார். மிஸ் தண்ணீர் கொண்டுவரும்படி எனக்குக் கையால் காட்டினார். நான் கண்ணாடிக் கிளாஸில் கொண்டுபோனேன். அதை வாங்கித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "எவர்சில்வர்ல கொண்டு வாங்க" என்று மெல்லச் சொன்னார்.

பிறகு அந்த மனிதர் சொன்ன முறைப்பாட்டை மிஸ் தன்னுடைய வார்த்தைகளில் அவருக்கே திருப்பிச் சொன்னார். இதற்காக ஒரு வருஷம் காசு சேர்த்தீர்கள், விடுமுறை முடியப் போகிறது, கடல் கண்ணாடி மாதிரிக் கிடக்கிறது. அவர் தலையாட்டினார். அதன் பிறகு மிஸ் தன்னால் செய்ய முடிந்த ஒன்றையும் செய்ய முடியாத ஒன்றையும் சொன்னார். காற்றைக் கொண்டுவர முடியாது, தீவுப் பக்கம் பவளப் பாறைகளைப் பார்க்க வள்ளம் ஒழுங்குசெய்ய முடியும். அவர் போய்விட்டு மாலையில் சிரித்துக்கொண்டு வந்தார்.

அன்று மிஸ் எனக்கு எல்லாவற்றையும் பிரித்துச் சொன்னார். ஆளுக்கும் வாசலுக்கும் நடுவில் நிற்கக் கூடாது, வெளியே போகும் வழி அவருக்கும் திறந்திருக்க வேண்டும், உங்களுக்கும் திறந்திருக்க வேண்டும். சுடுதேத்தண்ணீர் கொடுக்கக் கூடாது, வீசினால் பொசுங்கும். கண்ணாடியும் கூடாது. 'கோபப்படாதீங்க' என்று வாயால் சொல்லவே கூடாது. 'பார்ப்போம்' என்றும் சொல்லக் கூடாது, முடியுமென்றால் முடியும், முடியாதென்றால் முடியாது. இவ்வளவையும் சொன்னபோது அவருடைய கைகள் மடியில் நடுங்கிக்கொண்டிருந்தன. நான் பார்ப்பதைக் கண்டு, "ஒவ்வொரு தடவையும் நடுங்கும் மஸாஹிரா. பொறகு முகம் கழுவினாச் சரியாகிரும்" என்றார். அந்த ஒரு பேச்சுக்காக அவருக்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன். பயம் இல்லாதவர்களுக்குத்தான் இந்த வேலை என்று அதுவரை நினைத்திருந்தேன்.

சில வருஷங்கள் கழித்து நாங்கள் வாங்கிய காணியில் வீட்டோடு சேர்த்து இரண்டு அறைகள் கட்டினோம். மகள் அதைப் படம் பிடித்து இணையத்தில் போட்டாள். லொட்ஜை விட்டு நான் விலகும் நாளில் கிளாறா மிஸ் கோபிப்பார் என்று பயந்தேன். அவர் நல்ல தலையணைகள் தந்து அனுப்பினார்.

லொட்ஜ் வேறு, வீடு வேறு என்று சீக்கிரமே தெரிந்தது. லொட்ஜில் காவலாளி உண்டு, மேசை உண்டு. வீட்டில் விருந்தாளி கத்தும்போது என் குசினியில் சோறு கொதித்துக்கொண்டிருக்கும், தொழுகைக்கு நேரமாகிக்கொண்டிருக்கும். ஒருவர் எங்கள் பகுதியில் திரியும் கழுதைகள் விடியற்காலையில் கத்துவதற்காக என்னிடம் கத்தினார். கழுதைகளை உடனே அப்புறப்படுத்த வேண்டுமாம். கதிரை போட்டேன், எவர்சில்வர் கிளாஸில் தண்ணீர் வைத்தேன், "கழுதைய என்னால ஒண்டும் செய்ய ஏலாது, உங்களப் பின் அறைக்கு மாத்த ஏலும்" என்றேன். மாறிக்கொண்டார். போத்தல்களோடு வந்த கொழும்புப் பெடியன்கள் ஒரு முறை வாசலில் மல்லுக்கு நின்றார்கள். இந்த வீட்டில் குடிக்க முடியாது என்று அறைக்குப் பதிவு செய்யும்போதே எழுதியிருந்தது. அதைக் காட்டிச் சண்டை பிடிக்காமல், குடிக்க இடம் தரும் ஒரு லொட்ஜின் பெயரைச் சொல்லி, ஆட்டோவும் கூப்பிட்டுக் கொடுத்தேன். போகும்போது ஒருவன் 'தேங்க்ஸ் அம்மா' என்றான். இப்படி ஒவ்வொன்றாக நடக்க, எனக்கு இந்த வேலை கைவந்துவிட்டது என்ற நினைப்பு வந்திருந்தது.

அந்த நினைப்போடு இருந்தபோதுதான் அந்தக் கணவனும் மனைவியும் வந்தார்கள். கொழும்பிலிருந்து வந்த தமிழ் ஆட்கள். அவர்களுடைய பெயர்களைச் சொல்லப் போவதில்லை.

அவர் வந்த மாலையே எங்களுக்குப் பிடித்துப்போனார். நன்றாகப் பேசினார். வீட்டைப் புகழ்ந்தார். விறாந்தையில் இருந்து நிஸாரோடு வள்ளத்து இயந்திரங்களைப் பற்றிக் கதைத்தார். நாங்கள் எந்த ஊர் என்று கேட்டார். மன்னார் என்று சொன்னேன், வந்த கதையையும் கொஞ்சம் சொன்னேன். கவலையோடு கேட்டுக்கொண்டார். மனைவி மட்டும் அதிகம் பேசவில்லை. அவளிடம் நான் கேட்பதற்கெல்லாம் அவரே பதில் சொன்னார். சில ஆட்கள் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலையில் அவர்களை டொல்பின் பார்க்க அழைத்துப் போனவர் றவூப் நானா. எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், பரம்பரையாகக் கண்டக்குழியிலேயே தொழில் செய்யும் குடும்பம். அன்றைக்கு டொல்பின் ஒன்றும் எழும்பவில்லை. திரும்பி வந்ததும் அந்த மனிதர் என் முற்றத்தில் நின்று றவூப் நானாவைத் தூசணத்தால் ஏசினார். நெஞ்சில் கைவைத்துத் தள்ளவும் போனார். நான் இடையில் போகாமல் பக்கத்தில் போய் நின்றேன். கதிரைகளைப் போட்டு உட்கார்ந்தேன். அவர் உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். "சொரி ஆன்ட்டி, அவளுக்குக் காட்டணும் எண்டுதான் இவ்வளவு தூரம் வந்தது" என்றார். சத்தம் நன்றாக இறங்கியிருந்தது. றவூப் நானாவிடமும் மன்னிப்புக் கேட்டார். எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை.

அவர் எழும்பி அறைக்குள் போனார். மனைவி அவருக்கு முன்னாலேயே உள்ளே போயிருந்தாள். கதவு சாத்தப்பட்டது. சிறிது நேரத்தில் சுவரில் எதுவோ மோதும் சத்தம் கேட்டது. அது ஒரு பொருள் மோதும் சத்தமில்லை. அதற்குப் பிறகு அவருடைய குரல். கத்தவில்லை. சன்னமாக, ஒரே சீராக, நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தார். அவளுடைய குரல் கேட்கவேயில்லை.

நான் விளக்குமாற்றோடு விறாந்தையில் நின்றேன். கத்துகிறவரின் சத்தத்தை இறக்க எனக்குத் தெரியும். இறங்கிய சத்தத்தோடு என்ன செய்வது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. முற்றத்தில் என்னால் அணைக்கப்பட்டது அறைக்குள் போய்ப் பற்றிக்கொண்டது என்று மட்டும் விளங்கியது.

குசினிக்குப் போய்க் கிளாறா மிஸ்ஸுக்கு போன் எடுத்தேன். அவர் அப்போது லொட்ஜ் வேலையை விட்டுச் சிலாபத்தில் வீட்டில் இருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"அவரோட கதைக்கப் போக வேணாம்" என்றார். "நீங்க என்ன சொன்னாலும் அதுக்கும் அவதான் அடி வாங்குவா. அவ தனியா கொஞ்ச நேரம் இருக்க ஒரு வழி செய்யுங்க. செய்திட்டு, அவ என்ன சொல்றாவோ அத மட்டும் செய்யுங்க. முடிவு அவட."

"நான் பிழையாக் கேட்டிருந்தா மிஸ்?"

"பிழையா இருந்தா ஒரு தேத்தண்ணி குடிச்சதோட முடியும்."

நான் போய்க் கதவைத் தட்டி, பகல் சாப்பாட்டுக்குக் கறியில் காரம் பார்க்க அந்தத் தங்கச்சி வர முடியுமா என்று கேட்டேன். "இங்க கொண்டு வாங்க ஆன்ட்டி" என்றார் அவர், கதவைப் பாதி திறந்து, சிரித்துக்கொண்டு. அவருக்குப் பின்னால் கட்டிலின் ஓரத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். ஒரு கையால் மற்றக் கையின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள்.

அது சரிவரவில்லை. நிஸாரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபக்காரர். முகம் மாறியதும், "கைய வச்சிராதீங்க, நான் சொல்றத மட்டும் செய்யுங்க" என்று கெஞ்சினேன். அவர் தண்ணீர் குடித்துவிட்டு, அறை வாசலில் போய் நின்று, கரைக்கு ஒரு வள்ளம் வந்திருக்கிறது, நல்ல பாரை மீன் இருக்கிறது, உங்கள் கையாலேயே பார்த்து எடுக்கலாம் வாங்க என்று கூப்பிட்டார். என் கணவர் பொய் சொல்லத் தெரியாதவர். அன்றைக்கு வள்ளம் உண்மையாகவே வந்திருந்தது, அதுவும் அல்லாஹ்வின் உதவிதான். மீன் விஷயம் தெரிந்த ஆள் என்று காட்டிக்கொள்ள அந்த மனிதருக்கு ஆசை. புறப்பட்டார். போகும்போது மனைவியின் போனையும் எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். கிளாறா மிஸ்ஸிடம் நான் பிழையாகச் சொல்லவில்லை என்பது அப்போது உறுதியாயிற்று.

அவளைக் குசினிக்குக் கூப்பிட்டேன். வந்து நிலையில் சாய்ந்து நின்றாள். நான் எதுவும் கேட்பதற்கு முன்பே, "ஒண்டும் இல்ல ஆன்ட்டி. அவருக்குக் கொஞ்சம் டென்ஷன்" என்றாள்.

"ஓம்" என்றேன்.

கேட்க எனக்கு ஆயிரம் இருந்தன. கையைக் காட்டு என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டு என் போனைத் துடைத்து மேசையில் வைத்தேன்.

"யாரோடயாவது கதைக்கணும் எண்டா கதைங்க தங்கச்சி. நான் கிணத்தடியில நிக்கிறேன்."

கிணற்றடியில் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் அள்ளவில்லை. பிறகு அவளுடைய குரல்: "அக்கா, நான் வரட்டா?" அதற்குப் பிறகு நீண்ட நேரம் எதுவுமில்லை. பிறகு, "இப்ப. ஓம் அக்கா, இப்பவே."

நான் உள்ளே வந்தேன். அக்காவின் வீடு சிலாபத்துக்குப் பக்கத்தில் என்றாள். அந்த ஒரு நம்பர்தான் தனக்குப் பாடம் என்றாள். பிறகு, "எப்பிடிப் போற ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

"போகணும் எண்டு உங்களுக்கு இரிக்கா? வேணாம் எண்டா இப்பிடி ஒரு கதையே நடக்கல்ல. நானும் மறந்திருவேன்."

"போகணும்" என்றாள்.

பக்கத்து வீட்டுக்குப் போய் றவூப் நானாவின் மனைவி ஹாஜராவிடம் நாலு வார்த்தைதான் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு, பர்தாவைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். காலையில் தன் கணவனை ஏசியவனின் மனைவிதான் இந்தத் தங்கச்சி என்பது ஹாஜராவுக்குத் தெரியும். அதைப் பற்றி அவள் ஒரு சொல் சொல்லவில்லை. அந்தத் தங்கச்சி அடையாள அட்டையையும் ஒரு மாற்றுடுப்பையும் மட்டும் எடுத்துக்கொண்டாள். ஆட்டோவில் பாலாவிச் சந்திக்கு, அங்கிருந்து பஸ்ஸில் சிலாபத்துக்கு. ஹாஜரா கூடவே போனாள். சிலாபம் பஸ் நிலையத்தில் அவளுடைய அக்காவோடு கிளாறா மிஸ்ஸும் வந்து நிற்பதென்று பேசிக்கொண்டோம்.

ஆட்டோ போன புழுதி அடங்கிய பிறகு நான் குசினியில் வந்து நின்றேன். கை கால் எல்லாம் நடுங்கியது. முகம் கழுவினேன். சரியாகவில்லை.

அந்த மனிதர் கரையிலிருந்து நல்ல குஷியாக வந்தார். பெரிய பாரை மீன், நிஸார் தூக்கிக்கொண்டு வந்தார். அந்த மனிதர் மனைவியைத் தேடி அறைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"அவ எங்க?"

கடற்கரைக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லலாமா என்று யோசித்திருந்தேன். ஆனால் கரைக்குப் போய்த் தேடினால் உடனே தெரிந்துவிடும். என் பொய் பிடிபட்டால் அடுத்த வார்த்தையை அவர் நம்பமாட்டார். நான் கதிரையில் உட்கார்ந்தேன், வாசல் எனக்குப் பக்கத்தில் இருக்கும்படி.

"அவ போயிட்டா. சுகமா இரிக்கா. தனியப் போகல்ல."

"எங்க போனா?"

"அத நான் சொல்லமாட்டேன்."

மற்றக் கதிரையைத் தூக்கிச் சுவரில் அடித்தார். அதன் கால் முறிந்து முற்றத்தில் விழுந்தது. நிஸார் மீனைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். வேண்டாம் என்று நான் தலையசைத்தேன். அவர் நின்ற இடத்திலேயே நின்றார். அந்த ஒரு நிமிஷம் அவர் தன்னை அடக்கிக்கொண்டு நின்றதற்கு, கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அவர் எனக்குச் செய்த எல்லாவற்றுக்கும் மேலாக நன்றி சொல்ல வேண்டும்.

கதிரையை உடைத்த பிறகு அந்த மனிதர் அமைதியானார். எனக்குப் பக்கத்தில் வந்து, சன்னமான குரலில் பேசினார்.

"ஆன்ட்டி, நான் ஒரு கோல் எடுத்தாப் போதும். என்ட மனுசிய ஒரு முஸ்லிம் வீட்டில ஒளிச்சு வச்சிருக்காங்க எண்டு சொன்னாப் போதும். அதுக்குப் பொறகு இந்த வீடு இருக்குமா எண்டு யோசிங்க."

ஒரு வதந்திக்கே முஸ்லிம் கடைகளும் வீடுகளும் எரிந்த அந்த நாட்களில் இப்படியான ஒரு வசனம் ஒரு ஊருக்கு என்ன செய்யும் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஒரு வீட்டை ஒரே நாளில் விட்டு எழும்பி வந்தவள் நான். அந்தக் கதையை முதல் நாள் மாலை அவரிடம் நானே சொல்லியிருந்தேன். எங்கே தொட்டால் எனக்கு நோகும் என்று தெரிந்துதான் அவர் தொட்டார். ஆனாலும் எங்கே என்று சொல்லவில்லை.

அவர் கடற்கரை முழுக்கத் தேடிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது எங்கள் படலைக்கு வெளியே பூவரச மரத்தடியில் றவூப் நானா உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார். அவரோடு இன்னும் கொஞ்சப் பேர். யாரையும் நான் கூப்பிடவில்லை. ஒருவரும் உள்ளே வரவில்லை, அந்த மனிதரை முறைத்துப் பார்க்கவும் இல்லை. வலையை மடியில் விரித்துக்கொண்டு, விலை வாசி, காற்று என்று தங்களுக்குள் கதைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் அவர்களைப் பார்த்தார். விறாந்தையில் போய் நின்று, தானே பொலிஸுக்கு போன் எடுத்தார்.

பொலிஸ் வரும்போது பின்னேரம், அஸர் தொழுகை நேரமாகிவிட்டது. ஒரு சார்ஜனும் ஒரு கான்ஸ்டபிளும் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். அந்த மனிதர் சிங்களத்தில் மடமடவென்று சொன்னார். படித்தவர், நன்றாகச் சொன்னார். கேட்டால் எனக்கே நான் குற்றவாளி என்று தோன்றும் அளவுக்குச் சொன்னார். முடிவில், "இவங்க இந்த ஊர் ஆக்களும் இல்ல சேர். மன்னார்ல இருந்து வந்த அகதிகள்" என்றார்.

சார்ஜன் என்னைப் பார்த்தார். பிறகு படலைப் பக்கம் திரும்பி, "யார் இந்த அம்மா?" என்று பொதுவாகக் கேட்டார்.

றவூப் நானா வலை ஊசியோடு எழும்பி நின்றார். சிங்களத்தில்தான் சொன்னார், மெதுவாக: "எங்கட ஊர் மனுசி, சேர்." சொல்லிவிட்டு உட்கார்ந்து வலையைத் தொடர்ந்தார்.

வந்த காலத்தில் நிவாரண வரிசையில், பள்ளிக்கூடத்தில், கிணற்றடியில் எங்கள் பெயர் அகதிதான். யாரும் பகைமையோடு சொன்னதில்லை. அடையாளத்துக்குச் சொல்வார்கள், அகதி வீடு, அகதிப் பெண் என்று. கண்டக்குழியில் வீடு கட்டிய பிறகும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டே இருந்தது. நானே என்னை அப்படிச் சொல்லப் பழகியிருந்தேன். றவூப் நானா உட்கார்ந்து அடுத்த கண்ணியைப் பின்னத் தொடங்கிவிட்டார். நான் முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டு நின்றேன். பயத்தில் அழுகிறேன் என்று சார்ஜன் நினைத்திருப்பார்.

அந்த நேரத்தில் என் போன் அடித்தது. கிளாறா மிஸ். "வந்து சேர்ந்திட்டாங்க" என்றார். நான் போனைச் சார்ஜனிடம் நீட்டினேன். மறுபக்கம் அந்தத் தங்கச்சி பேசினாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். "சொந்த விருப்பத்தில போனீங்களா?" என்று ஒரு தடவை கேட்டார். பிறகு இன்னும் கொஞ்சம் கேட்டுக்கொண்டிருந்தார். முகம் மாறியது. போனை என்னிடம் இரண்டு கையாலும் திருப்பித் தந்தார்.

"மிஸ்டர், உங்கட மனைவி அக்கா வீட்டில இருக்காங்க. அங்க பொலிஸில ஒரு முறைப்பாடு குடுக்கப் போறாங்களாம். நீங்க சாமான்கள எடுத்துக்கொண்டு எங்களோட வாங்க. உங்கட வாக்குமூலமும் எடுக்கத்தானே வேணும்."

அவர் போகும்போது என்னைப் பார்க்கவில்லை. படலையில் நின்றவர்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள்.

முற்றத்தில் அந்தப் பாரை மீன் கிடந்தது. நிஸார் அதை வெட்டிக் கழுவித் தந்தார். நான் புளி கூட்டி ஆணம் வைத்தேன். சிலாபத்திலிருந்து ஹாஜரா திரும்பி வந்ததும், மரத்தடியில் இருந்த எல்லாரையும் கூப்பிட்டுப் பாய் விரித்துச் சோறு போட்டோம். றவூப் நானா ஒரு துண்டை வாயில் வைத்துவிட்டு, "எப்பிடியான ஆளோ எனக்குத் தெரியா ராத்தா. மீன் பாக்கத் தெரிஞ்சவன்" என்றார். காலையிலிருந்து அடக்கிக்கொண்டிருந்த நிஸார் அப்போதுதான் சிரித்தார்.

எல்லாம் அதோடு சுபமாக முடியவில்லை. அந்த மனிதர் இணையத்தில் எங்கள் வீட்டைப் பற்றி மோசமாக எழுதினார். விசாரிக்கும் வரை எங்கள் அறைகளைத் தளத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். ஒரு பருவம் முழுக்க அறைகள் வெறுமையாகக் கிடந்தன. மகள் ஆங்கிலத்தில் விளக்கம் எழுதினாள். முன்பு தங்கிப் போனவர்கள் பலர், நாங்கள் கேட்காமலே, எங்களுக்காக எழுதினார்கள். அதில் கழுதைக்காகக் கத்தியவரும் ஒருவர் என்று மகள் வாசித்துக் காட்டினாள். கிளாறா மிஸ் தனக்குத் தெரிந்த லொட்ஜுகளில் இடமில்லாதவர்களை எங்களிடம் அனுப்பினார். அடுத்த பருவத்தில் அறைகள் தளத்தில் திரும்பவும் வந்தன.

அந்தத் தங்கச்சியைப் பற்றி நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்பதற்கு எனக்கு உரிமையில்லை என்று நினைத்தேன். நிறைய நாள் கழித்து அவளே போன் எடுத்தாள். ஒரு பாலர் பாடசாலையில் வேலை செய்வதாகச் சொன்னாள். வழக்கு நடக்கிறது என்றாள். நிஸாரைச் சுகம் விசாரித்தாள், ஹாஜராவை விசாரித்தாள். வைக்கப் போகும் நேரத்தில், "ஆன்ட்டி, உங்ககிட்ட ஒண்டு சொல்லணும்" என்றாள்.

"சொல்லுங்க தங்கச்சி."

"அதுக்கு முன்னால ரெண்டு மூணு பேர் எனக்கு உதவி செய்யப் பாத்தாங்க. எல்லாரும் என்ன நடந்த, ஏன் நடந்த எண்டு கேட்டாங்க. அத சொல்ல வெக்கத்தில நான் ஒண்டும் இல்ல எண்டு சொல்லிச் சொல்லியே இருந்திட்டேன். நீங்க ஓம் எண்டு சொல்லிட்டுக் கிணத்தடிக்குப் போனீங்க. அதாலதான் எனக்கு வர ஏலுமா இருந்திச்சு."

அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டு நின்றது கெட்டித்தனத்தால் இல்லை, என்ன செய்வதென்று தெரியாததால். பேச்சு முடிந்ததும் கிளாறா மிஸ்ஸுக்கு எடுத்து இதை அப்படியே சொன்னேன். "என்ன சொன்னா, திரும்பச் சொல்லுங்க மஸாஹிரா" என்றார். சொன்னேன். அவர் அதைப் பேனையால் எழுதிக்கொள்ளும் சத்தம் போனில் கேட்டது.